காலில் கட்டிய முந்தானை

நவமணி ஒழுங்காகத் தூங்கி வருஷக்கணக்காகிவிட்டது. மகள் பொன்னரசிக்கு வலிப்பு எந்நேரம் வரும் என்று யார் கண்டது? அதனால் முந்தானையைப் பிள்ளையின் கணுக்காலில் முடிந்துகொண்டுதான் படுப்பாள். கால் வெட்டி இழுத்தால் விழித்துவிடுவாள். சுங்காய் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நாளில் பிடித்த பழக்கம். ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டதும் ஈப்போ டவுனுக்குப் பிழைக்க வந்தார்களே, அப்போதும் விடவில்லை. "அவ என்ன ஆட்டுக்குட்டியா?" என்பான் கணவன் ஐயாவு. அவனுக்கென்ன, படுத்தால் கட்டைதான்.

பொன்னரசிக்கு வந்தது எங்கோ ஒரு பிள்ளைக்கு வரும் நோயாம். கன்னமெல்லாம் சிவந்த பருக்கள், மூளைக்குள்ளும் கட்டிகள். வலிப்புக்குக் கொடுத்த மருந்தே ஈறை வளர்த்துப் பல்லை மூடிவிட்டது. உள்ளே சொத்தை. கஞ்சி பட்டாலே அலறினாள். முழு மயக்கம் கொடுத்துத்தான் ஈறை வெட்டிப் பல்லைப் பிடுங்க வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

மயக்க மருந்து டாக்டர் இராஜசிங்கம் யாழ்ப்பாணத்து வழி வந்தவர். "காலைல வலிப்பு மருந்து குடுத்தனீங்களோ?"

"ஒரு வாய் தண்ணியில குடுத்தேன் டாக்டர்."

"நல்லது. இப்பிடிப் பிள்ளையளுக்கு மயக்கம் தெளியேக்க வலிப்பு வரலாம். எழும்பாமலும் போகலாம். விளங்குதோ?"

"விளங்குது டாக்டர்."

அழுவாள் என்று நினைத்தாரோ என்னவோ, சற்று நின்று பார்த்தார். நவமணிக்கு அழுகை வரவில்லை. அதெல்லாம் எப்போதோ வற்றிவிட்டது.

பிள்ளை மிரளக் கூடாதென்று அவளையும் உள்ளே விட்டார். மூக்கில் ரப்பர் மூடியை வைத்ததும் பொன்னரசி திமிறினாள், பிறகு அடங்கினாள். இப்படி ஆடாமல் அசையாமல் கிடந்து நவமணி பார்த்ததே இல்லை. இவ்வளவு லட்சணமான பிள்ளையா என்றிருந்தது.

வெளியே பெஞ்சில் ஐயாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளையை வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான், சுவரில் சாய்ந்து வாய் திறந்தபடி தூங்கிப்போனாள்.

நர்ஸ் வந்து உலுக்கினாள். "அக்கா, எந்திரிங்க-லா! உங்க மக முழிச்சிட்டா."

"அதுக்குள்ள ஏன் எழுப்புனீங்க?" என்றாள் நவமணி. "இன்னுங் கொஞ்சம் தூங்கட்டுமே."

தூக்கக் கலக்கம் என்று நர்ஸ் சிரித்தாள். ஐயாவு சிரிக்கவில்லை.

தான் சொன்னது நவமணியின் காதிலும் விழுந்தது. வெட்கம் வர வேண்டும், வரவில்லை. உள்ளே போய், முனகிக்கொண்டிருந்த பிள்ளையின் கணுக்காலைத் தேடி முந்தானையை எடுத்தாள். ஐயாவு அதை மெல்ல விலக்கிவிட்டுத் தன் தோள் துண்டை எடுத்துக் கட்டினான். மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டான்.

"நான் பாத்துக்கிறேன். நீ படு."

நவமணி கட்டிலடியில் படுத்தாள். தூக்கம் வரவில்லை.