சிடி அட்டையில் சிவநேசன் பெயர்

1. நல்லா இருக்கா?

சிவநேசன் அண்ணன் கடைக்குள் நுழைந்ததும் கையிலிருந்த சிடியைக் கவுண்டரில் போட்டார். அட்டையில் அச்சடித்திருந்த தன் பெயரை விரலால் தட்டினார்.

"இது யாரு வேலை, சாந்தி?"

"நான்தான் போடச் சொன்னேண்ணே. நல்லா இருக்கா?"

அட, என்ன கேள்வி கேட்டேன்! இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

தொண்ணூறுகளின் நடுவில், பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் மூன்றாம் மாடியில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் கடையில் நான் டெக்னீஷியன். கடலுக்கு எதிர்க்கரையில் பாகான் டாலாம் வீட்டிலிருந்து தினமும் ஃபெரி ஏறி வருவேன். சிவநேசன் அண்ணன் அதே கரையில், பட்டர்வொர்த்தில் அரசாங்க ஆபீஸ் கிளார்க். அப்போது எல்லாரும் ஆடிய ஒரு துப்பாக்கி சுடும் கம்ப்யூட்டர் கேமுக்கு, ஆடுகிறவர்களே புது லெவல் வரைந்து சேர்க்கலாம். அண்ணன் எங்கள் ஃபெரியையே வரைந்திருந்தார். கார் நிற்கும் கீழ்த்தளம், மேலே பெஞ்சுகள், ஒவ்வொரு தூணுக்குப் பின்னாலும் ஒரு பிசாசு. ஆறு மாத வேலை. டிஸ்கெட்டை என்னிடம் கொடுத்து, "கேக்கிறவங்களுக்குச் சும்மா காப்பி பண்ணிக் குடு லா" என்றார். கூடவே ஒரு ரீட்மி ஃபைல் இருந்தது. இது இலவசம், யாரும் விற்கக் கூடாது, கேம் கம்பெனி அதற்கு அனுமதி தரவில்லை என்று எழுதியிருந்தார்.

2. முதலாளி சொன்ன நியாயம்

எங்கள் முதலாளி மணியம் அண்ணன், ஆட்கள் அந்த லெவலைக் கேட்டு வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்த மாதிரி லெவல் எல்லாத்தையும் ஒரே சிடில போட்டு விப்போம்."

"விக்கக் கூடாதுன்னு எழுதியிருக்காரேண்ணே."

"நாம கேமையா விக்கிறோம்? லெவல் சும்மாதான். சிடிக்கும் அட்டைக்கும்தான் காசு, பன்னெண்டு வெள்ளி. அந்த ரீட்மியெல்லாம் எடுத்துரு."

எடுத்தேன். மனசு உறுத்தியது. அதனால், அட்டையில் சிவநேசன் அண்ணன் பெயர் பெரிதாக வரணும் என்று முதலாளியோடு மல்லுக்கு நின்று ஜெயித்தேன். அன்று என்னைப் போல் நியாயஸ்தி இந்தப் பினாங்கிலேயே இல்லை என்ற நினைப்போடு வீட்டுக்குப் போனேன். அவர் கொடுத்த டிஸ்கெட்டை ஃபார்மட் செய்து, எல்லாவற்றையும் அழித்து, வேறு எதற்கோ எடுத்துக்கொண்டேன். கடையில் எல்லா டிஸ்கெட்டுக்கும் அதே கதிதான்.

3. கடிதம்

"ஆபீஸ்ல ஒருத்தன் இதை வாங்கி அதிகாரி மேசையில வச்சிட்டான்," என்றார் சிவநேசன் அண்ணன், கவுண்டரில் கிடந்த சிடியைக் காட்டி. "பெர்மிஷன் இல்லாம சைட் பிசினஸ் பண்றேனாம். ஒரு வாரத்துல பதில் எழுதணும். வேலை போயிரும், சாந்தி. ரெண்டு பிள்ளைங்க இருக்கு. நான் குடுத்த டிஸ்கெட்ட எடு, அதுல ரீட்மி இருக்குல்ல?"

"அழிச்சிட்டேண்ணே. உங்க வீட்டுல காப்பி இருக்குமே?"

"அதை நேத்து எழுதினேன்னு சொல்வாங்க."

கடையிலிருந்து யாராவது உண்மையை எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. மணியம் அண்ணனிடம் கேட்டேன்.

"கடையைப் புடிச்சிக் குடுக்கச் சொல்றியா? கையெழுத்துப் போட்டா நாளைக்கு இங்க வராத."

மூன்று நாள் ஃபெரியில் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. மேலே ஏறுவேன், கீழே இறங்குவேன். தூண்களைப் பார்த்தாலே அவர் வரைந்தது ஞாபகம் வரும். ரெண்டு பிள்ளைங்க என்றாரே, அது காதிலேயே நின்றது. நாலாம் நாள் எழுதினேன். அவர் இலவசமாகக் கொடுத்தார், விற்காதே என்றார், அந்த ரீட்மியை அழித்தது நான், அவருக்கு ஒரு காசு போகவில்லை. கையெழுத்துப் போட்டு அவர் ஆபீஸிலேயே நேரில் கொடுத்தேன்.

என் வேலை போனது. அவரை எச்சரிக்கையோடு விட்டார்கள்.

4. ஒரு வார்த்தை

இப்போது கேமுக்கு லெவல் செய்யும் பிள்ளைகள் தாங்கள் செய்ததைக் காட்டி, "அக்கா, இதை விக்கலாமா?" என்று கேட்கிறார்கள். கேமோடு வரும் விதிகளைப் படி, உரியவரைக் கேள், பெயர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதே என்கிறேன். சொல்லும்போதெல்லாம் ஒரு பொய் உறுத்துகிறது.

அன்று என் வேலை போய்ச் சில மாதம் கழித்து, சிவநேசன் அண்ணனை ஃபெரியில் பார்த்தேன். "இப்பல்லாம் எதுவும் வரையறதில்ல," என்றார். பிறகு கேட்டார்: "விக்கிறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"மறந்துட்டேண்ணே," என்றேன்.

மறக்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.