வலது காதில் மஞ்சள்

நாய் பிடிக்கிற தொழிலில் நாயைச் சமாளிப்பது சுகம். நாயைச் சுற்றி நிற்கிற மனிதரைச் சமாளிப்பதுதான் சீவன் போகிற வேலை. தெருநாய்க்குப் பயந்து மதிலேறியவர்கள், வெளிநாட்டுக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்து தலையில் அடித்துக்கொண்டவர்கள், மனைவி வீட்டாருக்குத் தங்கள் வேலை என்னவென்று சொல்லமுடியாமல் விழித்தவர்கள், எல்லாரும் கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள். நான் உங்கள் ஆள்தான்.

என்னை வேலைக்கு எடுத்த விதம்

சாவகச்சேரி பஸ் நிலையத்துக்கு முன்னால் ஓட்டோ ஓடிக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை ஒரு வெள்ளைக்கார அம்மா கை காட்டி மறித்தார். அறுபது வயது இருக்கும். றப்பர்ச் செருப்பு, கசங்கிய பருத்திச் சட்டை. கையில் ஒரு சால்வைப் பொட்டலம். பொட்டலத்துக்குள் கால் முறிந்த நாய். "நாய் ஏத்தமாட்டன் அம்மா, சீற்று பழுதாப்போடும்" என்றேன். அவர் சண்டை பிடிக்கவில்லை. சீற்றில் சால்வையை விரித்து நாயைக் கிடத்தினார். தான் கீழே, கால் வைக்கிற இடத்தில் குந்திக்கொண்டார். யாழ்ப்பாணம் வரைக்கும் அப்படியேதான் வந்தார். எனக்கு முதுகில் யாரோ அடித்தமாதிரி வெட்கமாக இருந்தது.

பெயர் லீசா. ஊர் ஒல்லாந்து. தாய்லாந்தில் கடற்கரை ஊர் ஒன்றில் பன்னிரண்டு வருடம் தெருநாய்களுக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தில் இருந்தவர். யாழ்ப்பாணத்துக்குச் சுற்றிப் பார்க்க வந்து, நாய்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போக மறந்துவிட்டார். கும்பிடுகிற பழக்கம் தாய்லாந்திலேயே வந்துவிட்டது. குனிந்து, இரண்டு கையையும் கூப்பி, எதிரில் நிற்பது கச்சான் கடலை விற்கிறவரானாலும் அதே கும்பிடு. இங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து நாய்களுக்கு ஆஸ்பத்திரி தொடங்கியிருந்தார். நாயைப் பிடிப்பது, கருத்தடை ஒபரேசன் செய்வது, விசர்நாய்த் தடுப்பூசி போடுவது, மயக்கத்தில் கிடக்கும்போதே இடது காது நுனியில் சின்னதாக வெட்டி அடையாளம் வைப்பது, பிறகு பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடுவது. இதுதான் வேலை. பிடிக்க ஆள் இல்லையாம். "உங்களுக்கு நாய் பயமோ?" என்று உடைந்த தமிழில் கேட்டார். ஓம், நல்ல பயம் என்று உண்மையைச் சொன்னேன். அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

"நல்லது. பயமில்லாத ஆள் கெதியா கை நீட்டும், நாய் கடிக்கும். நீங்கள் நாளைக்கு வாங்கோ."

கரவெட்டிக் கல்யாணவீடு

மூன்று மாதம் கழித்துக் கரவெட்டியில் ஒரு கல்யாணவீடு. மனைவி வதனியின் பெரிய மாமா பந்தியில் எனக்குப் பக்கத்தில் இருந்தார். என்ன செய்கிறீர் என்று கேட்டார். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் என்றேன். என்ன பதவி என்றார். களப்பணி என்றேன். களத்தில் என்ன பணி என்றார். இந்த மனிதர் முன்னே சுங்கத்தில் வேலை பார்த்தவர், ஒன்றையும் லேசில் விடமாட்டார். வேர்த்து வடிய, "நாய் பிடிக்கிறன் மாமா" என்றேன். பந்தியில் பாதி இலைகளில் கை நின்றது. மாமா பாயசத்தை வைத்துவிட்டு, தன் மருமகன் லண்டனில் எவ்வளவு பெரிய வேலையில் இருக்கிறார் என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லத் தொடங்கினார்.

நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு தலையைக் குனிந்திருந்தேன். வீட்டில் இந்த வேலைக்காக என்னை நாளுக்கு ஒருதரம் திட்டுகிற வதனி, சாம்பார் வாளியோடு வந்து மாமாவுக்கு முன்னால் நின்றாள்.

"இவர் கொண்டுபோற நாய் அஞ்சாம் நாள் திரும்பி வீட்டை வந்திடும் மாமா. உங்கடை மருமோன் போய் எத்தினை வருஷம்?"

வைரவரின் வாகனம்

தென்மராட்சியில் வீதியோரமாக ஒரு வைரவர் கோயில். அங்கே ஒரு பெட்டை நாய். ஒவ்வொரு முறையும் ஐந்தாறு குட்டி போடும், குட்டிகள் நடக்கப் பழகியதும் பஸ்ஸில் அடிபட்டுப் போய்விடும். கோயிலைப் பார்க்கிற தம்பையா மாஸ்ரர் எங்களைப் படலையிலேயே மறித்தார். வைரவருக்கு வாகனம் நாய். வாகனத்துக்குக் கத்தி வைக்க விடமாட்டேன் என்றார். அதோடு, நாயைக் கூப்பிட நான் கொண்டுபோன இறைச்சித் துண்டின் மணமும் அவருக்குப் போய்விட்டது. கோயில் வாசலில் இறைச்சி! அன்று எனக்குக் கிடைத்த பேச்சை இங்கே எழுத ஏலாது. இந்த நாய் வடைமாலை வடையைத் தவிர வேறொன்றும் தொடாது என்று கடைசியில் சொன்னார். லீசா மிஸ் அந்த ஒன்றை மட்டும் காதில் போட்டுக்கொண்டார்.

அடுத்தநாள் விடியத் தோய்ந்துவிட்டு, ஈரத் தலையோடு, ஒரு பக்கம் உயர்ந்தும் ஒரு பக்கம் இழுபட்டும் சேலை கட்டிக்கொண்டு மாஸ்ரர் வீட்டு வாசலில் நின்றார். மாஸ்ரரின் மனைவியிடம் வடை சுடச் சொல்லித் தரும்படி கேட்டார். முதல்நாள் வடைக்கு ஓட்டை விழவில்லை. இரண்டாம்நாள் கையில் எண்ணெய் தெறித்தது. மூன்று நாள் காலையிலும் தன் கையால் சுட்ட வடையோடு நாய்க்குப் பக்கத்தில் மண்ணில் இருந்தார். நான்காம் நாள் நான் வலையை எடுக்கவே இல்லை. நாய் அவருக்குப் பின்னால் வந்து, தானாகவே ஓட்டோவில் ஏறி இருந்தது. மாஸ்ரர் பார்த்துக்கொண்டே நின்றார், மறிக்கவில்லை. ஐந்து நாள் கழித்துக் கொண்டுவந்து விட்டபோது நாயின் வயிறு, காது, கண் எல்லாம் சோதித்தார். பிறகு லீசா மிஸ் நீட்டிய வடை ஒன்றை வாங்கித் தானும் கடித்துப் பார்த்தார்.

"வடைக்கு உப்புக் காணாது. மற்றும்படி ஒரு குறையுமில்லை."

சங்கத்தின் தீர்ப்பு

இனி வருகிறது பெரிய சோதனை. குருநகர்ப் பக்கத்துக் கரையோர ஊர் ஒன்று. பெயரைச் சொன்னால் எனக்கு அங்கே மீன் தரமாட்டார்கள். படகுத்துறையில் நித்திரை கொண்ட நாயின் வாலை ஆறு வயதுப் பெண்பிள்ளை ஒன்று தெரியாமல் மிதித்து, நாய் பிள்ளையின் காலைக் கடித்துவிட்டது. பிள்ளையின் ஒவ்வொரு ஊசிக்கும் என் ஓட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒவ்வொரு முறையும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு லீசா மிஸ் பக்கத்தில் இருந்தார். கடித்த நாய்க்கு விசர் இல்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் ஊருக்குப் பயம் பிடித்துவிட்டது. பயம் நியாயமானதுதான், எனக்கும் இரண்டு பிள்ளைகள்.

கடற்றொழிலாளர் சங்கம் கூடியது. தலைவர் மரியதாஸ் சம்மாட்டி. மூன்று வள்ளம் வைத்திருக்கிற, குரல் பெரிய மனிதர். ஊர் வேதக்கோயில் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முதல்நாள் லொறி வரும், கரையில் நிற்கிற நாய் முழுவதையும் ஏற்றி வன்னிக் காட்டில் விடுவது என்று முடிவு. காட்டில் விட்ட கரைநாய் ஒரு கிழமை தாங்காது. அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். லீசா மிஸ் எழும்பிக் கும்பிட்டார். மூன்று கிழமை தாருங்கள், ஊசி போட்டு ஒபரேசன் செய்து காது வெட்டிய நாய்களை மட்டும் நிற்க விடுங்கள் என்று கேட்டார். சம்மாட்டி மீசையைத் தடவினார்.

"சரி. காது வெட்டினது நிக்கட்டும். வெட்டாதது ஏறட்டும்."

வலை ஆடியது

முதல் கிழமையில் பன்னிரண்டு நாய் பிடித்தேன். பிறகு அவற்றுக்கு என் ஓட்டோவின் சத்தம் பழகிவிட்டது. நான் தெருமுனையில் திரும்பும்போதே கரை வெறுமையாகிவிடும். சில நாய்கள் வள்ளத்தில் ஏறிப் படுத்துக்கொள்ளும். மனிதர்கள் அதைவிட மோசம். நாய் பிடிகாரன் வந்தால் நாய் திரும்பி வராது என்பது அவர்கள் சின்ன வயதிலிருந்து பார்த்த விஷயம். திருப்பிக் கொண்டுவந்து விட்ட பன்னிரண்டையும் கண்ணால் கண்ட பிறகும் நம்பவில்லை.

கருவாடு காயவைக்கிற பிலோமினா அக்கா வலைக்குவியல் ஒன்றில் சாய்ந்து இருந்தார். இங்கே நாயே இல்லை என்று சத்தியம் பண்ணினார். அவர் சத்தியம் பண்ணப் பண்ண, முதுகுக்குப் பின்னால் வலைக்குவியலின் ஒரு மூலை சந்தோசமாக ஆடிக்கொண்டிருந்தது. நான் அதைக் கையால் காட்டினேன். அக்கா திரும்பியே பார்க்கவில்லை.

"உது வலை தம்பி. காத்துக்கு ஆடுது."

மஞ்சள்

கொடியேற்றத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது காலையில் கரைக்குப் போனோம். நாய்கள் ஓடவில்லை! ஊர் முழுவதும் நாய்கள் பகிரங்கமாகத் திரிந்தன. எல்லாவற்றுக்கும் காது நுனியில் வெட்டு. வெட்டின் மேல் மஞ்சள் பூசியிருந்தது. நாங்கள் வெட்டுவது இடது காது; இது வலது காது. சவரக் கத்தியோ கத்தரிக்கோலோ, வீட்டுக்கு வீடு தாங்களே வெட்டிவிட்டார்கள். காது வெட்டினால் லொறியில் ஏற்றமாட்டார்கள், அவ்வளவுதானே!

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. எங்களோடு இருந்து ஒபரேசன் செய்கிற மிருக டொக்டர் தங்கச்சிக்கு அதைவிடக் கோபம். மயக்கமருந்து இல்லாமல் வெட்டியது ஒரு பாவம். ஊசி போடாத நாயும் போட்ட நாயும் இனி ஒன்றுபோல நிற்கும் என்பது அதைவிடப் பெரிய ஆபத்து. நாளைக்கு ஒன்றுக்கு விசர் பிடித்தால் அடுத்த பிள்ளைக்கு என்ன கதி? சங்கத்தில் சொல்லுவோம் என்றேன். ஆனால் சொன்னால் மஞ்சள் பூசின அத்தனையும் லொறியில் ஏறும். சொல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு நடுவில் ஊசி இல்லாமல் நிற்கும். இரண்டில் எது என்று கேட்டேன். லீசா மிஸ் மணலில் இருந்து ஒரு நாயின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுகிறார் என்று நினைத்தேன். கொஞ்சம் அழத்தான் செய்தார். ஆனால் முகம் சிரித்தது.

"கணேஸ், ஆருக்கும் வேண்டாத நாய்க்கு ஆர் மஞ்சள் பூசுவினம்?"

ராசாவின் அட்டை

அன்று பின்னேரமே லீசா மிஸ் வேதக்கோயில் பங்குச் சுவாமியாரிடம் போய் அனுமதி வாங்கினார். பூசை முடிந்ததும் கோயில் ஒலிபெருக்கியில் தானே அறிவித்தார். எழுதிக் கொடுத்தது நான். வாசித்த தமிழ் அவருடையது. காதுப் புண் பழுதானால் நாய் சாகும், பங்கு மண்டபத்தில் மூன்று நாளைக்கு மருந்து கட்டுவோம், ஊசியும் ஒபரேசனும் அங்கேயே செய்வோம், இடது காதில் சரியான அடையாளம் வைப்போம், பின்னேரம் நாயைக் கையில் தருவோம், வலது காதைப் பற்றி ஒருவரையும் ஒரு கேள்வி கேட்கமாட்டோம். ஒருவரும் வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். நானே வீடு வீடாகப் போய்க் கும்பிடுவேன் என்றார். அவர் அதைச் செய்திருப்பார், எனக்குத் தெரியும்.

முதல்நாள் காலை கதவு திறக்க முதலே பிலோமினா அக்கா நின்றார், இடுப்பில் குழந்தையைத் தூக்குகிறமாதிரி நாயைத் தூக்கிக்கொண்டு. அவருக்குப் பின்னால் வரிசை. கடிபட்ட பிள்ளை கூட ஒரு நாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தாயோடு வந்தது. மூன்று நாளும் என் வலை ஆணியில் தொங்கியது. டொக்டர் தங்கச்சியும் அவர் கூட்டிவந்த இன்னொரு டொக்டரும் கை ஓயாமல் வெட்டித் தைத்தார்கள். லீசா மிஸ் ஒவ்வொரு நாய்க்கும் ஒரு அட்டை எழுதினார். ஒருவரிடமும் கேள்வி கேட்கவில்லை, வாக்கு வாக்குத்தான்.

மூன்றாம் நாள் காலையே லொறி வந்து வெளியே நின்றது. எல்லாரும் நாய்களை ஒப்படைத்துவிட்டுப் போன பிறகு கடைசியாக மரியதாஸ் சம்மாட்டி வந்தார். தோளில் துவாய். துவாய்க்குக் கீழே ஏதோ நெளிந்தது. எடுத்தால், அவருடைய வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் நின்றுகொண்டு கடலுக்குப் போய்வருகிற கறுப்பு நாய். வலது காதில் மஞ்சள். சம்மாட்டியின் பெருவிரலிலும் மஞ்சள். நான் வாயைத் திறக்கப் போனேன். லீசா மிஸ் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். பிறகு அட்டையை எடுத்து, எழும்பி, சம்மாட்டிக்கும் அதே கும்பிடு போட்டார். நாயின் பெயர் என்ன, சொந்தக்காரர் யார் என்று இரண்டு மட்டும் எழுதவேண்டும் என்றார். அந்தப் பெரிய குரல் சுருங்கிப்போயிருந்தது. லொறியைத் திருவிழாப் பந்தலுக்குக் கதிரை ஏற்ற அனுப்பச் சொல்லி வெளியே பார்த்து ஒரு சத்தம் போட்டுவிட்டு, எங்கள் பக்கம் குனிந்தார்.

"பேர் ராசா. சொந்தக்காரர் எண்ட இடத்திலை ஒண்டும் எழுதாதையுங்கோ, இது என்ரை நாயில்லை. பின்னேரம் எத்தினை மணிக்கு வந்து கூட்டிக்கொண்டு போகவேணும்?"

இந்தக் குடாநாட்டில் ஒருவருக்கும் சொந்தமில்லாத நாய் ஒன்றையாவது எனக்குக் காட்டுகிறவருக்கு, ஆணியில் சும்மா தொங்குகிற என் வலையை இலவசமாகவே கொடுத்துவிடுகிறேன்.