வடசேரி தோற்ற கதை

இன்று எங்கள் முதியோர் சங்கத்தில் கயிறு இழுத்தோம். போட்டி நடத்த வந்த பிள்ளை என்னையும் மனைவியையும் ஒரே பக்கத்தில் நிறுத்திவிட்டாள்.

"கொம்புமுறி விளையாட்டுக்கு நான் வடசேரி, இவ தென்சேரி. ஒண்டா இழுக்கேலா புள்ள," என்றேன். கொம்புமுறி என்றால் ஊரே வடசேரி, தென்சேரி என்று பரம்பரையாக வந்த இரண்டு கட்சிகளாகப் பிரிந்து, மரக்கொம்புகளைக் கொளுவி இழுக்கும் எங்கள் கோயில் விளையாட்டு. மற்றவர்களின் சேரியும் எனக்கு மனப்பாடம். நானே எல்லோரையும் பிரித்து நிறுத்தினேன்.

"கிழவருக்கு மூச்சு இரிக்கா பாப்பம்," என்றாள் எதிரில் நின்ற மனைவி.

நாங்கள் வெல்லப் போகும் நேரம், "ஐயோ, என்ட முழங்கால்" என்று கத்தினாள். பதறிப்போய்க் கயிற்றை விட்டேன். தென்சேரி எங்கள் ஆட்களை அப்படியே இழுத்துக்கொண்டு போனது.

வரும் வழியில், "கால் எப்பிடி?" என்று கேட்டேன்.

"காலுக்கு என்ன? நல்லாத்தான் இரிக்கி."

வடசேரி ஆட்கள் இந்தப் பதிவின் கீழே கருத்து எழுதி என்னைத் திட்டலாம். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது; நான் சொல்லச் சொல்ல இதை எழுதியதும் மனைவிதான். திட்டுகளையும் அவள்தான் வாசித்துக் காட்டுவாள்.