பல்லுக்கு எடுத்த படத்தில் கழுத்து

மூன்று வருடத்துக்கு முன், ஒரு வைகாசி மாதத்தில் நடந்தது. எங்கள் ஊர் பழவேற்காடு ஏரியில் இருக்கும் பசியாவரம். எனக்கு ஆணும் பெண்ணுமாக இரட்டைப் பிள்ளைகள். இரட்டைப் பிள்ளை பெற்றவள் நீவினால் சுளுக்கு விட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வலை இழுத்துத் தோள் பிசகியவர், கழுத்துப் பிடித்தவர் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். எண்ணெய் தடவி, தலையைப் பிடித்துச் சடக்கென்று ஒரு திருப்பு. சத்தம் கேட்டால்தான் எனக்கே திருப்தி. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மகளுக்கு முன்பல் தூக்கல். பிளஸ் டூ முடித்ததும் கம்பி போட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பொன்னேரிக்குக் கிளம்பிய அன்று காலையில் கழுத்துப் பிடித்திருக்கிறது என்றாள். படகுக்கு நேரமாகிவிட்டது, வந்து திருப்பிவிடுகிறேன் என்று இழுத்துக்கொண்டு போனேன்.

பல் டாக்டரம்மா பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்தார். கழுத்தில் இரண்டு எலும்புகள் பிறவியிலேயே ஒட்டியிருக்கின்றன என்று விரலால் காட்டினார். பல்லுக்கு வந்தால் இவருக்குக் கழுத்தில் என்ன வேலை என்று எனக்கு எரிச்சல். கழுத்தை யாராவது சொடுக்கெடுத்துத் திருப்புவார்களா என்று மகளிடம் கேட்டார்.

"இல்ல மேடம், யாரும் தொடமாட்டாங்க" என்றாள், என் பக்கம் திரும்பாமலே.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சின்ன வயதிலிருந்து அவள் கழுத்தைத் திருப்பியவளே நான்தானே!

"அவ பொய் சொல்றா மேடம். நான்தான் திருப்புவேன். இன்னிக்கு ஊட்டுக்குப் போய்கூட திருப்பறதா இருந்தேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. எலும்பு டாக்டரிடம் அனுப்பினார். அங்கே ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். இப்படிப் பலர் தெரியாமலே நன்றாக வாழ்கிறார்கள், பயம் வேண்டாம். ஆனால் கழுத்தை வெடுக்கென்று திருப்புவதும் தலைச்சுமையும் ஆகவே ஆகாது, தண்டுவடம் நசுங்கிக் கை கால் விழுந்துவிடலாம், இத்தனை நாள் எதுவும் ஆகாமல் தப்பித்தது நல்லவேளை என்றார் அந்த டாக்டர்.

திரும்பி வரும்போது படகில் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன்.

"உன்ன இன்னாவாச்சும் சொல்லிடுவாங்களோன்னுதான்மா" என்றாள். கரை வரும்வரை அழுதேன்.

இப்போது கம்பியைக் கழற்றியாகிவிட்டது, பல் அழகாக இருக்கிறது. என்னிடம் இன்றும் ஆட்கள் வருகிறார்கள். கை, கால் என்றால் நீவிவிடுவேன். கழுத்து என்றால் டாக்டரைப் பார்க்கச் சொல்வேன். கைராசி போய்விட்டதா என்று கேலி செய்கிறார்கள், செய்யட்டும். தன் கழுத்து போனாலும் என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தாளே என் பெண், அதை நினைத்தால் இன்றும் எனக்கு என் கையைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.