ஸ்டோரிலிருந்து வந்த சூடு

இன்று காலை எதிர்வீட்டுக்காரர் மொட்டைமாடியில் ஏறி டிவி டிஷ்ஷைத் திருப்பிக்கொண்டிருந்தார். கீழேயிருந்து அவர் மனைவி, "வருது... வருது... போச்சு" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை. காபியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

போடியில் ஒரு சின்னக் கம்பெனியில் வயர்லெஸ் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தவன் நான். பேர்தான் என்ஜினியர், பாதி நாள் கம்பம் ஏறுவேன், மீதி நாள் காலில் ஏறிய அட்டையைப் பிடுங்குவேன். போடிமெட்டுக்குப் போகும் சரிவில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் ஒன்று இருந்தது. உலர்த்தும் அறையின் சூட்டை அளந்து, ரேடியோ வழியாகக் கீழே போடிக்கு அனுப்பும் கருவியை அங்கே நாங்கள்தான் மாட்டியிருந்தோம்.

ஸ்டோருக்குள் நுழைந்தாலே பச்சைக்காயும் விறகுப் புகையும் கலந்த வாசம் சட்டையில் ஏறிக்கொள்ளும். அடுப்பைப் பார்த்துக்கொண்டவர் கருப்பையா அண்ணன். மனைவி செல்வமணியோடு பக்கத்து லயத்தில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளில், குடியிருந்தார். "நான் தூங்குறேனான்னு மொதலாளி பாக்குற மிசினுதான தம்பி இது" என்று என்னைச் சீண்டுவார்.

அந்த மழைக்காலத்தில் சிக்னல் குறைய ஆரம்பித்தது. ஏலத்தோட்டத்தில் இப்படியானால் எல்லோரும் சந்தேகப்படுவது நிழல் மரத்தைத்தான். ஈர இலை ரேடியோ அலையை விழுங்கிவிடும். ஆள் விட்டுக் கிளை கழித்தோம். ஆன்டெனாவைப் போடிப் பக்கம் திருப்பி முடுக்கினேன். சில நாளில் மறுபடி குறைந்தது. மறுபடி கிளை, மறுபடி முடுக்கல். கழிக்கக் கிளையே இல்லை என்றான பிறகும் குறைந்தது.

அடுத்த முறை போனபோதுதான் கவனித்தேன். ஆன்டெனாவும் கம்பமும் சேரும் இடத்தில் போன முறை முடுக்கியதும் அடையாளத்துக்கு நான் இழுத்திருந்த பெயிண்ட் கோடு கொஞ்சமும் விலகவில்லை. ஆன்டெனா திரும்பவே இல்லை. கம்பம் நின்ற மண்தான் திரும்பியிருந்தது. ஸ்டோருக்குப் பின்னால் போனேன். கை நுழையும் அளவுக்குத் தரை வெடித்து, சரிவின் குறுக்கே நீளமாக ஓடியது. மழைத்தண்ணீர் சத்தமில்லாமல் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. லயத்துக்கு ஓடி, மலை சரியப்போகிறது என்றேன்.

சொன்னதும் லயத்துச் சனம் ஜீப்பில் ஏறிவிட்டது. கருப்பையா அண்ணன் மட்டும் நின்றார். உள்ளே காய் பாதி உலர்ந்திருந்தது. பாதியில் அடுப்பை விட்டால் காயின் பச்சை போய்விடும். அப்படி விட்டுவிட்டுப் போகிறவனை அந்த மலையில் யாரும் ஸ்டோர்க்காரனாக மதிக்க மாட்டார்கள்.

"அண்ணே, காய் போனாப் போகுது. வாங்க."

"வெரசா காஞ்சுரும். அடுத்த ஜீப்புல வர்றேன். கொழப்பமில்ல" என்றார். ஒன்றும் ஆகாது என்பதற்கு அவருடைய பாதி மலையாளம் அது. ஜீப்பில் ஏறியிருந்த செல்வமணி, வண்டி வளையும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்புமுன் பழக்க தோஷத்தில் ஆன்டெனாவைத் திருப்பி வைத்திருந்தேன். அதனால் போடி ஆபீசுக்கு வந்ததும் திரையில் சூடு தெளிவாகத் தெரிந்தது. அது இறங்கினால் அடுப்பை விட்டுக் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். இறங்கட்டும், இறங்கட்டும் என்று திரையையே பார்த்திருந்தேன். இறங்கவில்லை. அடுத்த ஜீப்பு வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தபோது, அதே சூட்டில் திரை நின்றுபோனது.

இப்போது அங்கே ஸ்டோர் இல்லை, லயம் இல்லை, ஏறிப்போன பாதையும் இல்லை. பஸ்சில் போகிறவர்களுக்கு அது புல் முளைத்த வெறும் சரிவு. செல்வமணி சிலமலையில் தங்கை வீட்டில் இருக்கிறார். சந்தையில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றையே கேட்கிறார்.

"கெளம்பி வந்துக்கிட்டுத்தான இருந்திருப்பாரு, தம்பி?"

"ஆமா மதினி. சூடு கொறைஞ்சுருச்சு. கெளம்பிட்டாரு."