கையெழுத்துக்குப் பிறகு தொடக்கூடாது

கண்ணாயிரம் ஒரு முறை உளுந்தூர்பேட்டையில் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றார். ஊருக்குப் போகிற பேருந்து எதிரிலேயே நின்றது; உட்கார இடமும் இருந்தது. பலகையில் 'கள்ளக்குரிச்சி' என்று எழுதியிருந்ததால் அவர் ஏறவில்லை. ஊர்ப் பெயரையே ஒழுங்காக எழுதத் தெரியாதவர்கள் பிரேக்கை மட்டும் ஒழுங்காக வைத்திருப்பார்களா என்பது அவர் சந்தேகம். 'ஆட்டுக்கரி' என்று எழுதிய கடையில் கறி வாங்கமாட்டார். எழுத்தில் ஏமாற்றுகிறவன் எடையிலும் ஏமாற்றுவான் என்பார். அவர் மனைவி ராஜாம்பாள் பல ஞாயிற்றுக்கிழமைகளில் கத்தரிக்காய்க் குழம்பு வைத்ததற்கு இதுதான் காரணம்.

இந்த மனிதருக்கு வாய்த்த வேலையும் அச்சகத்தில் பிழை திருத்துவது. அது எண்பதுகளின் நடுப்பகுதி. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த வீரமுத்துவின் அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கையால் கோத்துத்தான் கல்யாணப் பத்திரிகை அடித்தார்கள். கோப்பவள் பாப்பாத்தி. வடக்கனந்தலில் கூலி வேலை செய்கிற குடும்பத்துப் பெண், எட்டாவதோடு நின்றவள். கோத்து முடித்ததும் ஒரு தாளில் மாதிரி எடுத்துக் கொடுப்பாள். கண்ணாயிரம் படித்துத் திருத்தி, எல்லாம் சரியானதும் ஓரத்தில் கையெழுத்துப் போடுவார். அந்தத் தாளைக் கம்பியில் குத்திவைப்பார்கள். அதற்குப் பிறகு எழுத்தை யாரும் தொடக்கூடாது. அது அவர் போட்ட சட்டம். பதினெட்டு வருஷமாக முதலாளியே அதை மீறியதில்லை.

அந்த வைகாசியில் இரண்டு பத்திரிகைகள் திரும்பி வந்தன. ஒன்றில் 'மனமக்கள்'. இன்னொன்றில் 'திருவளர்ச்செல்வன்' என்று நடுவில் ஒரு வேண்டாத 'ச்'. இரண்டாவதை ஊரில் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் தமிழ் வாத்தியாராக இருந்து தொலைத்தார். இன்னொன்று இப்படி வந்தால் யாராவது ஒருவர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று வீரமுத்து கண்ணாயிரத்தின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

கண்ணாயிரத்துக்கு ஐம்பத்தெட்டு வயது, வேறு வேலை தெரியாது. அதைவிடப் பெரிய கேள்வி, தன் கண்ணுக்குத் தப்பி ஒரு பிழை போகுமா? போகாது. அப்படியானால் யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள்.

அன்று முதல் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. பாப்பாத்தி சிரித்தால் சந்தேகம், சிரிக்காவிட்டால் பெரிய சந்தேகம். அவளுடைய சித்தப்பா மகன் பி.ஏ. முடித்துவிட்டுச் சும்மா சுற்றுவது ஞாபகம் வந்தது. சரிதான், தன் நாற்காலிக்குக் குறி வைத்துவிட்டாள் என்று முடிவு கட்டினார்.

ஒரு நாள் மதியம் சாப்பிடப் போவதுபோல் கிளம்பி, பின்பக்க சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அவர் கையெழுத்துப் போட்டு முடித்த பக்கத்தின்மேல் பாப்பாத்தி குனிந்திருந்தாள். முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, ஓர் எழுத்தைப் பிடுங்கி வேறொன்றைச் செருகினாள்.

நேராக முதலாளியிடம் போய்ச் சொன்னார். வீரமுத்து அவளைக் கூப்பிட்டார்.

"சாரு கையெழுத்துப் போட்டப்புறம் கை வச்சியா?"

"வச்சேங்க."

"இன்னாத்துக்கு?"

பாப்பாத்தி கண்ணாயிரத்தை ஒரு முறை பார்த்தாள்.

"சனிக்கெழமையோட நின்னுக்கோ" என்றார் வீரமுத்து.

ஜெயித்தவர் பேசாமல் இருந்திருக்கலாம். எந்தெந்த எழுத்தில் கை வைத்தாள் என்று காட்டி அவளைக் கையும் களவுமாக நிறுத்தவேண்டும் என்று கண்ணாயிரத்துக்கு ஆத்திரம். மறுநாள் காலையில் கம்பியிலிருந்த தாள்களை உருவி, அச்சான பத்திரிகைகளோடு அருகருகே வைத்து, பூதக்கண்ணாடியுடன் உட்கார்ந்தார். முதல் பத்திரிகையிலேயே வித்தியாசம் இருந்தது. திருடி! இரண்டாவதிலும் இருந்தது. ஐந்தாவதில் அவர் கை நின்றது.

பிழையெல்லாம் அவர் கையெழுத்துப் போட்ட தாளில் இருந்தது. அச்சான பத்திரிகைகள் சுத்தமாக இருந்தன.

திரும்பி வந்த இரண்டை எடுத்துப் பார்த்தார். அவற்றில் மட்டும் தாளிலும் பிழை, அச்சிலும் பிழை. அவை அச்சான வாரம் பாப்பாத்தி தன் அக்காவின் வளைகாப்புக்குக் கல்வராயன் மலைக்குப் போயிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. முதலாளிதான் எழுத்து கோத்தார். கண்ணாயிரம் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு அதே 'மனமக்கள்' பத்திரிகையை வெறும் கண்ணால் படித்தார். 'மணமக்கள்' என்றுதான் தெரிந்தது. பெயரில் ஆயிரம் கண் இருந்து என்ன? மனப்பாடமாய் இருந்ததையே கண் படித்ததாக நம்பி எத்தனை மாதம் ஓட்டினாரோ. அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் பாப்பாத்தி சாப்பாட்டுத் தூக்கைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?" என்று கேட்டார்.

"சொன்னா ஒத்துக்குவீங்களா சார்? எட்டாங்கிளாசுக்கு இன்னா தெரியும்னு கத்துவீங்க. மொதலாளிகிட்ட சொன்னா உங்கள வூட்டுக்கு அனுப்பிடுவாரு. அதான் நானே மாத்திக்கினு இருந்தேன்."

"அன்னிக்கி அவரு கேட்டப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்."

"உங்கள பக்கத்துல நிக்க வச்சிக்கினு எப்படி சார் சொல்றது?"

கண்ணாயிரம் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தாளை எடுத்தார். திரும்பி வந்த பத்திரிகைகளுக்குத் தானே பொறுப்பு என்றும், பாப்பாத்தி கெடுக்கவில்லை, தன் பிழைகளைத்தான் திருத்தினாள் என்றும் முதலாளிக்கு எழுதினார். நிறுத்துவதானால் தன்னை நிறுத்திக்கொள்ளலாம் என்று முடித்தார். கையெழுத்துப் போட ஓரத்துக்குக் கொண்டுபோன பேனா அப்படியே நின்றது. தாளை அவளிடம் நீட்டினார்.

"படிச்சிப் பாரு."

அவள் படித்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினாள்.

"ஒன்னு இருக்குதுங்க சார்."

எது என்று அவர் கேட்கவில்லை. பேனாவைக் கொடுத்தார். அவள் திருத்திக் கொடுத்த பிறகு வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, முதலாளியின் மேசையை நோக்கி நடந்தார்.