ஐநூற்று ஐம்பத்தொன்றாவது கண்ணி

செய்தி வந்தபோது மாலை 4.22. துறைமுகத்தில் கண்ட்ரோல் ரூமில் இருந்தேன். மூன்றாம் கிரேனில் ஒரு சென்சார் தகராறு செய்துகொண்டிருந்தது. என் மனைவி முத்துச்செல்வியோடு கல்லூரியில் கணக்கு எடுக்கும் டீச்சர் கூப்பிட்டார். "தம்பி, செல்வி போர்டுல எழுதிட்டிருக்கும்போதே விழுந்துட்டா. ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தோம்..." எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் நேரத்தைக் குறிப்பது எங்கள் வேலைப் பழக்கம். பதிவேட்டில் 4.22 என்று எழுதினேன். பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. அடுத்த ஷிஃப்டுக்கு வந்தவர், "டைம் மட்டும் போட்டிருக்கான், என்ன ஃபால்ட்டுன்னு போடலியே" என்று வெகுநேரம் தேடினாராம்.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது என்றார்கள். அன்றிலிருந்து போன் அடித்தால் முதலில் கடிகாரத்தைப் பார்க்கிறேன். வர வேண்டியது வந்துவிட்டது என்று தெரியும். தெரிந்தும் பயம் போகவில்லை.

அவளிடம் படித்தவர்களுக்கும் அவளோடு வேலை பார்த்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நாளை பதினாறாம் நாள். கல்லூரியில் படத்திறப்பு. படத்துக்குப் பக்கத்தில் அவள் கடைசியாகப் பின்னிய நூல் பவளத்தைத் தொங்கவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

செல்வி குரோஷா போடுவாள். ஒரு கொக்கி ஊசி, ஒரு நூல், ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணி. கம்பளி நூல் அவளுக்குச் சரிப்படவில்லை. துவண்டுவிடும், நின்று பேசாது என்பாள். கடற்கரைப் பக்கம் வலைக்கடையில் நைலான் நூல் வாங்குவாள். முதல் தடவை நானும் போயிருந்தேன்.

"என்ன டீச்சர், என்ன மீன் பிடிக்கப் போறிய?" என்றார் கடைக்காரர்.

"பவளப்பாறை பிடிக்கப் போறேன் அண்ணாச்சி."

"ஐயோ, அதப் பிடிச்சா கேசுல்லா போட்டுருவான்! எனக்கும் சேத்து."

முதல் பவளத்தை முடித்ததும் அவரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கடையில் ஆள் இல்லாத பக்கமாக நகர்த்தி வைத்தார். கேசு பயம்.

அதை வகுப்புக்கும் எடுத்துப் போவாள். ஒருநாள் டிபன் பாக்ஸ் கொடுக்கப் போனவன் சன்னலோரம் நின்று பார்த்தேன். "மிஸ், இது முட்டக்கோஸா?" என்று ஒருவன் கேட்டான். "ஆமாலே, பொரியல் வை. அதுக்கு முன்னால இதுல ஒரு கோடு போடு" என்றாள். சுருண்ட பரப்பின்மேல் சிவப்பு நூலால் அவன் ஒரு கோடு தைத்தான். அந்தக் கோட்டில் இல்லாத ஒரு புள்ளியிலிருந்து அதைத் தொடாமலே மூன்று கோடுகள் போகின்றன என்று அவள் தைத்துக் காட்டினாள். "புஸ்தகத்துல ஒண்ணுதான் போகும்னு போட்டிருக்கே மிஸ்?" என்றான் அவன். "புஸ்தகம் தட்டையால்லா இருக்கு" என்றாள். உங்களில் பலருக்கு அது நினைவிருக்கும்.

ஒரு தப்பில்தான் அவளும் நானும் கூட்டாளியானோம். அவள் ஆறு கண்ணியில் தொடங்குவாள். அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போடுவாள். ஆறு, பன்னிரண்டு, இருபத்துநாலு என்று இரட்டிக்கும். விளிம்புக்கு இடம் போதாமல் தானே மடியும். ஏழு சுற்றோடு நிறுத்துவதாக இருந்தாள். எந்தச் சுற்றில் எத்தனை கண்ணி என்று ஒரு சிறு ப்ரோக்ராம் எழுதி, தாளில் அடித்துக் கொடுத்தேன். எங்கள் தொழிலில் பூஜ்யத்திலிருந்து எண்ணுவோம். முதல் சுற்றை நான் சுற்று 0 என்று போட்டிருந்தேன். அவள் தாளில் 7 என்று இருந்ததுவரை பின்னிவிட்டாள். ஆக எட்டுச் சுற்று. அந்தக் கடைசிச் சுற்றுக்கு மட்டும் எழுநூற்று அறுபத்தெட்டுக் கண்ணி. அதற்குமுன் போட்ட ஏழு சுற்றையும் கூட்டினாலும் அதைவிட ஆறு குறைவு.

"உங்க ஒரு பூஜ்யம் என்னப் பத்து நாள் உக்கார வச்சிட்டு, எஞ்சினியர் சார்!"

"தப்புதாம்ளா. அவுத்துரு."

"அவுக்கவா? பாருங்க, இப்பல்லா உயிரு வந்திருக்கு."

அதற்குப் பிறகு எல்லாப் பவளத்துக்கும் எட்டாவது சுற்று உண்டு. அதற்கு எஞ்சினியர் சுற்று என்று பேர் வைத்தாள். ஆனால் ஒன்றிலிருந்து எண்ணுவதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. "உலகத்துல எவனாவது பூஜ்யமாவது பிள்ளைன்னு சொல்லுதானா?" என்பாள். எனக்கும் பின்னச் சொல்லிக்கொடுத்தாள். என் கண்ணிகள் ஊசி நுழையாத அளவுக்கு இறுகிப்போகும். "பயந்த கை இறுக்கும். தளத்துங்க, அது ஓடிப்போயிராது." பரீட்சைக்கு முன்னால் உங்களிடமும் பயந்த கையைப் பற்றிச் சொல்லியிருப்பாள்.

கடைசிப் பவளம் அலமாரியின்மேல் இருந்தது, எஞ்சினியர் சுற்றின் நடுவில், ஊசியோடு. முடிக்காத பின்னலில் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். ஊசி அதற்குள் இருக்கும்வரை மொத்தமும் நிற்கும். ஊசியை எடுத்து நூலை இழுத்தால் ஒவ்வொன்றாகக் கழன்று முதல் ஆறுவரை வந்துவிடும். நைலான் வேறு, வழுக்கும். நான் அதன் பக்கம் போகவே இல்லை. அந்த மடிப்புகளைப் பார்த்தால் ஆஸ்பத்திரியில் எனக்குக் காட்டிய ஸ்கேன் படம்தான் தெரிந்தது.

நேற்று காலை, சாத்தான்குளத்திலிருந்து வந்திருக்கும் என் அத்தை, செல்வியின் அம்மா, வீட்டை ஒதுங்க வைத்துக்கொண்டிருந்தாள். ஊசி யாருக்காவது குத்திவிடும் என்று உருவி டப்பாவில் போட்டிருக்கிறாள். தொங்கிய நூலைக் கண்டில் சுற்றத் தொடங்கியிருக்கிறாள். நான் உள்ளே வந்தபோது பவளத்தின் விளிம்பு துள்ளித் துள்ளிக் கழன்றுகொண்டிருந்தது.

"அத்தே! இழுக்காதிய!"

"நூலு சிந்திக் கெடந்துச்சு மாப்ளே, சுத்தி வைக்கேன்..."

"அது சிந்தின நூலு இல்லத்தே. செல்வி போட்டது."

அவள் கை அந்தரத்தில் நின்றது. "எம்புள்ள போட்டதையா அவுத்தேன்?"

நூல் எங்களுக்கு நடுவில் இருந்தது. அவள் மறுகையால் வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள். மூன்று தடவை தவறி, நான்காவது தடவை அதைத் திறந்த கண்ணிக்குள் செலுத்திப் பூட்டினேன்.

ஐம்பது கண்ணிக்கு ஒரு சிவப்பு நூல் என்று செல்வி அடையாளம் கட்டியிருந்தாள். இருவருமாக எண்ணினோம். ஐநூற்று முப்பத்துநாலு இருந்தது. எத்தனை போயிற்று என்று செல்வியின் நோட்டைத் திறந்தேன். விழுந்த அன்று காலையில் எழுதியிருக்கிறாள்: "சுற்று 7, 551."

எட்டு இல்லை. ஏழு. மூன்று வருடம் சண்டை போட்டவள், எப்போது என் பூஜ்யக் கணக்குக்கு வந்தாள் என்று தெரியவில்லை. என்னிடம் சொல்லவில்லை.

கழன்றது பதினேழு. இன்று விடிந்ததிலிருந்து அவற்றைத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அத்தை எதிரில் உட்கார்ந்து கண்டைப் பிடித்திருக்கிறாள். கல்லூரியிலிருந்து, எப்போது எடுக்க வரலாம் என்று கேட்டுக் கூப்பிடுகிறீர்கள். ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் ஒரு கண்ணி நழுவுகிறது.

முடிச்சுப் போட்டு நூலை நறுக்கித் தரச் சொன்னீர்கள். என்னால் முடியாது. நாளை நானே கொண்டுவருகிறேன், ஊசியோடும் கண்டோடும். பாருங்கள், நூலைத் தொடாதீர்கள். விளிம்பில் ஒரு விரற்கடை இறுகிச் சுருங்கியிருக்கும். அது என் கை. மற்றதெல்லாம் அவள். பிறகு வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவேன். என்னிடம் இருக்கப்போவது அந்தத் திறந்த கண்ணியும், அவள் எழுதிய ஏழும், எஞ்சினியர் சுற்றில் இன்னும் போடாத இருநூற்றுப் பதினேழும்தான்.

பதினொன்று போட்டாயிற்று. ஆறு பாக்கி. யாரும் கூப்பிட வேண்டாம். போனை அணைத்துவிட்டேன்.